ஏழாவது பத்தி

புக்கிட் செராயா தேயிலைக் கம்பெனியில் ஃபியோனா என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால், தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளில் பாதிப் பேர் "துரைக்கு டைப் அடிக்கிறா" என்றுதான் சொல்வார்கள். அவளுடைய சொந்த அத்தை ஐவியே சர்ச்சில் புதிதாக வருபவர்களிடம் அப்படித்தான் அறிமுகப்படுத்துவாள். செக்ரட்டரி என்ற சொல் செய்த வினை அது. உண்மையில் ஃபியோனா கம்பெனி செக்ரட்டரி. இயக்குநர்களின் கூட்டத்தை முறைப்படி கூட்டுவது, சட்டப்படி எது செய்யலாம், எது கூடாது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வது, அங்கே பேசி முடித்ததைக் குறிப்பாக எழுதி வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. இருபது வயதில் எஸ்டேட் ஆபீசில் கோப்பு அடுக்கச் சேர்ந்தவள், விடியற்காலையில் எழுந்து படித்துப் படித்து, இரண்டு முறை தேறாமல் போய், பதினொரு வருடத்தில் அதற்கான உரிமத்தை வாங்கினாள். இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு.

வேலையும் முன்பு போல இல்லை. இலை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகள் மணம், நிறம் கேட்டதோடு நிற்பதில்லை. தொழிலாளி எந்த வீட்டில் குடியிருக்கிறார், ஆற்றில் என்ன கலக்கிறது, கம்பெனிக்கு நிஜமான சொந்தக்காரர் யார் என்றெல்லாம் கேட்கின்றன. வருடத்துக்கு இரண்டு படிவம் புதிதாக முளைக்கிறது. கோலாலம்பூர் தலைமை அலுவலகம் இதையெல்லாம் கவனிக்கவே தனிப் பிரிவு தொடங்கி, அதற்கு ஒரு தலைவரைத் தேடிக்கொண்டிருந்தது. ஃபியோனா விண்ணப்பித்திருந்தாள். இந்த மலையிலிருந்து அந்த நாற்காலிக்கு ஒருவர் போனதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

செப்டம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, நிர்வாகத் தலைவர் லிங்கேஸ்வரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஜூலைக் கூட்டத்தின் குறிப்பு கிடந்தது. அவள் எழுதிச் சுற்றுக்கு அனுப்பிய வரைவு. அடுத்த கூட்டத்தில் எல்லோரும் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் லிங்கேஸ்வரன் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஏழாவது பத்தியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்.

அந்தப் பத்தியில் இருந்தது நாலே வரி. நான்காம் லயனுக்கு மேலே மலைச்சரிவில் விரிசல் விட்டிருக்கிறது. வருடக் கடைசி மழைக்கு முன்னால் அங்குள்ள இருபத்திரண்டு குடும்பங்களையும் வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று மண் ஆய்வு செய்த பொறியாளர் அறிக்கை கொடுத்திருக்கிறார். அறிக்கை கூட்டத்தில் வைக்கப்பட்டது. முடிவு தள்ளி வைக்கப்பட்டது.

"இத எடுத்திருங்க ஃபியோனா."

"சார், ரிப்போர்ட்ட மேசையில வச்சுதான் பேசினாங்க."

"பேசினோம், இல்லேங்கல. டீ குடிக்கிறப்பகூட ஆயிரம் பேசுறோம். எல்லாத்தையும் மினிட்ஸ்ல போடுவாங்களா?" அவர் குரல் உயரவில்லை. "அடுத்த மாசம் இலை வாங்குற கம்பெனிலேருந்து ஆளுங்க வராங்க. மொதல்ல கேக்கப் போறதே மினிட்ஸ்தான். ஆபத்துன்னு தெரிஞ்சும் ரெண்டு மாசமா சும்மா இருந்தாங்கன்னு பாத்தா ஒப்பந்தம் போச்சு. ஒப்பந்தம் போனா பேக்டரி பாதி நாள்தான் ஓடும். மொதல்ல யாருக்கு வேலை போகும்? அதே நாலாம் லைன் ஆளுங்களுக்குத்தான். மண்ணு சரியாம செவுரு கட்டத்தான் போறோம், அடுத்த வருஷம்."

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் ஃபியோனாவுக்குச் சங்கடமாக இருந்தது. லயனில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் தன் காரிலேயே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கிற மனிதர் அவர்.

"உங்க நோட்டுல கையால எழுதி வச்சிருப்பீங்களே, அதையும் கிழிச்சிருங்க" என்றவர், கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார். "கே.எல். ஹெட் ஆபீஸ் போஸ்ட்டுக்கு உங்க பேருதான் மேல இருக்கு. அங்க இப்ப கூட்டத்துல பேசுறதக் கேட்டு மிஷினே மினிட்ஸ் எழுதிடுது. எழுதறதுக்கு ஆள் வேணாம். எத எழுதணும், எத விடணும்னு தெரிஞ்ச ஆளுதான் வேணும்."

அவள் வரைவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்பறம், உங்க அத்தை அந்த லைன்லதான இருக்காங்க? நான் ஒண்ணும் நினைக்கல. மத்த டைரக்டர்ங்க நினைக்கலாம், சொந்தக்காரங்களுக்காகத்தான் இந்தப் பத்திய இவ்ளோ பெருசா எழுதியிருக்காங்கன்னு."

"யோசிச்சுட்டு வரேன் சார்" என்று எழுந்து வந்தாள்.

தன் அறையில் வந்து உட்கார்ந்தும் வேலை ஓடவில்லை. பேக்டரியிலிருந்து வாடும் இலையின் வாசம் வந்துகொண்டிருந்தது. அவர் மேல் கோபப்பட முயன்றாள். கோபம் அங்கே நிற்காமல் தன் மேலேயே திரும்பியது. ஜூலையில் அந்த நாலு வரியை எழுதினாள். பிழை திருத்தினாள். அனுப்பினாள். அதன் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் சாப்பிட்டிருப்பாள்! சன்னலுக்கு நேரே அந்தச் சரிவு. ஒவ்வொரு முறையும் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். கூட்டத்தில் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவள் தொழிலின் முதல் விதி. அந்த விதியை மீறவில்லை என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. இன்று அந்த நிம்மதியை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்ன அதே தொழில் அவள் கையில் வேறு சிலவற்றையும் கொடுத்திருந்தது. நடந்த கூட்டத்தின் குறிப்பைத் தனியாக மாற்ற அவளுக்கு உரிமை இல்லை. தலைவருக்கும் இல்லை. மாற்ற விரும்புகிற இயக்குநர் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒப்ப வேண்டும். அவள் ஐந்து இயக்குநர்களுக்கும் ஒரே கடிதம் எழுதினாள். வரைவை அப்படியே வைத்தாள். பக்கத்தில் தலைவர் கேட்ட திருத்தத்தை வைத்தாள். கீழே, 'இத்திருத்தத்தை நான் செய்ய இயலாது. விரும்பும் இயக்குநர் கூட்டத்தில் முன்மொழியலாம். முன்மொழிபவரின் பெயர் குறிப்பில் இடம்பெறும்' என்று எழுதினாள்.

அனுப்புவதற்கு முன் அதை அச்செடுத்து எடுத்துக்கொண்டு லிங்கேஸ்வரன் அறைக்குத் திரும்பப் போனாள். முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக்கூடாது.

அவர் இரண்டு முறை படித்தார். "கே.எல். பத்தி சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அப்பறம்?"

"அனுப்பப் போறேன் சார். உங்ககிட்ட சொல்லிட்டு அனுப்பணும்னுதான் வந்தேன்."

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவள் போய் அனுப்பினாள்.

கூட்டம் செப்டம்பர் கடைசி வியாழன். இயக்குநர்களில் சுபத்ரா என்பவர் கம்பெனியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாதவர். முப்பது வருடம் சாலை போடும் வேலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஈப்போவிலிருந்து கம்போங் ராஜா வழியாகத் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தார்.

முதல் விஷயமே போன கூட்டத்தின் குறிப்பு. ஃபியோனா எழுந்தாள்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நாலாம் லைன் ஆறாம் நம்பர் வீட்டுல என் அத்தை இருக்காங்க. இத நானே சொல்றேன். இன்னிக்கு மினிட்ஸ்ல எழுதியும் வைக்கிறேன். ஏழாவது பத்திய எழுதினப்ப நான் ஒரு வார்த்தையும் கூட்டல. என் நோட்டு இங்க இருக்கு, யாரு வேணாலும் பாத்துக்கலாம்."

லிங்கேஸ்வரன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டை யாரும் கேட்கவில்லை. சுபத்ரா மட்டும் கை நீட்டி வாங்கி, பக்கத்தைத் தேடிப் படித்தார்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். "எத்தன குடும்பம்னு கேட்டதே நான்தான். இருபத்திரண்டுன்னு சொன்னாங்க. அதுக்கப்பறம் நானும் சும்மாதான் போனேன். சரி, இந்தப் பத்திய எடுக்கணும்னு யாரு முன்மொழியறீங்க?"

வெளியே லோரி ஒன்று ஏற்றத்தில் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. தன் பெயரோடு அந்த வாக்கியம் காலத்துக்கும் கிடக்கும் என்பதை அந்த மேசையில் இருந்த ஒவ்வொருவரும் யோசித்திருக்க வேண்டும். லிங்கேஸ்வரனும் யோசித்தார். கடைசியில், "யாரும் இல்ல. அப்படியே இருக்கட்டும்" என்று பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"போட்டாச்சுல்ல?" என்றார் சுபத்ரா. "அப்ப நமக்குத் தெரியும்னு நாமே ஒத்துக்கிட்டோம். தெரிஞ்சப்பறம் அடுத்த வருஷம்னு சொல்ல முடியாது."

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. முடிவில், தோட்டம் பார்க்க வரும் பயணிகளுக்காகக் கட்டிய விடுதியை மூடி, அதிலும் காலியாகக் கிடந்த ஊழியர் குடியிருப்பிலும் இருபத்திரண்டு குடும்பங்களையும் மூன்று வாரத்துக்குள் குடியேற்றுவது, சுவர் வேலையை உடனே தொடங்குவது என்று தீர்மானமானது. ஃபியோனா இன்னொன்றும் கேட்டாள்: அறிக்கை சொன்னதை அந்தக் குடும்பங்களுக்குத் தமிழில் படித்துக் காட்ட அனுமதி வேண்டும். லிங்கேஸ்வரன் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

சனிக்கிழமை மாலை லயனுக்குக் கீழே பூப்பந்து ஆடும் இடத்தில் எல்லோரும் கூடினார்கள். ஃபியோனா அறிக்கையை வரிவரியாகத் தமிழில் சொன்னாள். விரிசல் எத்தனை அடி நீளம், மழை பெய்தால் மண் எந்தப் பக்கம் இறங்கும், எந்தெந்த வீடு முதலில் மாட்டும் என்று ஒன்றையும் விடவில்லை. தேதியையும் சொன்னாள்.

கூட்டத்தில் முன்னால் நின்ற ஐவி அத்தை கேட்டாள். "ஜூலைன்னா சொன்ன?"

"ஆமாத்த."

"நீ அப்ப அங்க இருந்தியா?"

"இருந்தேன். நான்தான் எழுதினேன்."

"எழுதிட்டு எங்கூட்டுல வந்து சோறு தின்னுட்டு போனியா?"

இதற்கு விதிகளில் பதில் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"தின்னேன் அத்த. எழுதினதோட என் வேலை முடிஞ்சிதுன்னு நெனச்சேன். தப்பு. அதான் இப்ப வந்து நிக்கிறேன்."

ஐவி அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள். வேலம்மா முன்னால் வந்தாள். இருபத்தைந்து வருடமாகக் கொழுந்து எடுக்கிறவள். வளைத்துப் பேசத் தெரியாது.

"நடந்தது நடந்துச்சு. எங்கள எப்ப லோரி வச்சு ஏத்தப் போறீங்க? சாமி மேடை இருக்கு, ஆடு இருக்கு. அதச் சொல்லு லா மொதல்ல."

ஃபியோனா நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாக எழுதினாள். இம்முறை ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்றும் எழுதினாள். மூன்று வாரமும் வேலை முடிந்ததும் விடுதிக்கும் லயனுக்கும் நடந்து அதைச் சரிபார்த்தாள். கடைசி வீடாக ஐவி அத்தையின் வீடு காலியானது. பாத்திர மூட்டையை ஃபியோனா தூக்கப் போனபோது அத்தை தடுக்கவில்லை. பேசவும் இல்லை.

அக்டோபரில் வந்த வெளிநாட்டு ஆட்கள் குறிப்பைப் படித்தார்கள். ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில் என்ன செய்தீர்கள் என்று கடுமையாகவே கேட்டார்கள். ஒன்றும் செய்யவில்லை என்று லிங்கேஸ்வரனே ஒப்புக்கொண்டார். சுவரை முடிக்க ஆறு மாதம் கெடு வைத்து, ஒப்பந்தத்தைத் தொடர்ந்தார்கள். கோலாலம்பூர் பதவி வேறொருவருக்குப் போனது. இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. அதைப் படித்த அன்று ஃபியோனா சீக்கிரமே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் எப்போதும் போல எட்டு மணிக்கு ஆபீஸ் வந்தாள். அந்த வாரமே பேராக் மாநிலத்தில் உள்ள இரண்டு கம்பெனிகளுக்கு விண்ணப்பமும் போட்டாள்.

நவம்பரில் ஒன்பது நாள் விடாமல் மழை பெய்தது. சரிவு இறங்கவில்லை. விடுதியின் நெருக்கடியில் அலுத்துப்போன சிலர் திரும்பிப் போகலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். அந்த விஷயத்தில்தான் ஐவி அத்தை அன்றைக்குப் பிறகு முதல்முதலாக ஃபியோனாவிடம் வாயைத் திறந்தாள்.

"மலை அப்படியேதான நிக்கிது. எப்ப எங்கூட்டுக்குப் போலாம்?"

"செவுரு எழும்பி, இன்ஜினியர் வந்து பாத்து கையெழுத்துப் போட்டப்பறம்தான் அத்த."

"அதுக்கு நீ பொறுப்பா?"

"ஆமா."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

ஜனவரிக் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் தயாரித்தபோது, ஃபியோனா முதல் விஷயமாக நான்காம் லயன் சுவர் எதுவரை வந்திருக்கிறது என்பதைப் போட்டாள். கூட்டத்தன்று மேசைக்கு வந்த லிங்கேஸ்வரன் அதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"ஒவ்வொரு கூட்டத்துக்கும் இத வைக்கணுமா?"

"முடியற வரைக்கும் வைப்பேன் சார்."

"சரி" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆரம்பிங்க."