இரவல் போன உருப்படி

அந்த வீட்டிலிருந்து ஒரு சுத்தியல்கூடச் சொல்லாமல் வெளியே போக முடியாது. பட்டறை மெக்கானிக்கான அவள் புருஷன், வீட்டுச் சாமான் அத்தனையையும் படம் பிடித்துச் செல்போன் செயலி ஒன்றில் ஏற்றி வைத்திருந்தார். யார் எதை இரவல் வாங்கினாலும் பெயரும் திருப்பித் தரும் நாளும் பதிவாகும். நாள் தாண்டினால் செயலி மணியடிக்கும்; மனிதர் வாங்கியவரின் வாசலில் போய் நிற்பார். தெருவே அவரை 'ஸ்பானர் போலீஸ்' என்றுதான் கூப்பிட்டது.

ஆபரேஷனுக்காக அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று அவள் முகம் பேயறைந்தது போலிருந்தது. அவளைச் சிரிக்க வைக்கத் தன்னையே படம் பிடித்து ஏற்றினார். 'புருஷன், ஒரு உருப்படி. இரவல்: ஆஸ்பத்திரி. திரும்பும் நாள்: வெள்ளி.'

"லேட்டானா நீயே வந்து சண்டை போட்டு வாங்கிட்டுப் போ," என்று கண்ணடித்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது அவர் உடம்புதான்.

செயலிக்கு அது தெரியுமா? மணியடித்துக் கேட்டது: வந்துவிட்டதா, தொலைந்துவிட்டதா, தவணை நீட்டவா? அவள் நீட்டினாள். வாராவாரம் நீட்டிக்கொண்டே இருந்தாள்.

இப்போது அதற்கும் வினை வந்தது. சாமான்களைப் பட்டறைக்கே கொடுக்க மகள் பேசி முடித்துவிட்டாள். செயலியில் உள்ள பதிவையும் பட்டறை பெயருக்கு மாற்றித் தர வேண்டுமாம். ஒரு பொருள் வெளியே இருந்தாலும் செயலி மாற்ற விடாதாம்.

எதிர்வீட்டு டிரைவர் இரவல் வாங்கிய டிரில்லிங் மெஷினோடு வந்தார். "அண்ணன் இருந்திருந்தா என்னை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பாருக்கா," என்று மெஷினை நீட்டினார்.

மகள் அப்பாவின் போனில் 'வந்துவிட்டது' என்று அழுத்தினாள். "அம்மா, இன்னும் ஒண்ணு வெளியில இருக்கே?"

"அது கிடக்கட்டும்டி. போனைக் கொடு."

"யாரும்மா அமுக்கினது? சொல்லு, நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வரேன். ஸ்பானர் போலீஸ் பொண்ணுல்ல!"

அவள் பறிப்பதற்குள் மகள் திறந்துவிட்டாள். ஆஸ்பத்திரிச் சட்டையில் அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் செருப்பை மாட்டிக்கொண்டு மெல்ல நழுவினார்.

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு தன் போனில் பட்டறையைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, சாமானை மட்டும் எடுத்துக்கங்க. லிஸ்ட்டை மாத்த முடியாது... இல்லண்ணே, ஒண்ணு இன்னும் திரும்பி வரலை."

அப்பாவின் போனை மறுபடி கையில் எடுத்தாள்.

"அடுத்த வெள்ளி போடவாம்மா?"

"போடு," என்றாள் அவள்.