ஊசியால் போட்ட பெருக்கல் குறி

எங்கள் மினாஸ் மலையில் நியோபியம் கொட்டிக் கிடக்கிறது. இரண்டாயிரம் டிகிரி தாண்டியும் உருகாத உலோகம் என்று எங்களுக்கு ஏகப் பெருமை. காற்றுப் படச் சுட்டால் மட்டும் ஐயா வெள்ளைப் பொடியாக உதிர்ந்துவிடுவார். அதனால் மேலே சிலிக்கான் பூச்சுப் பூசுகிறோம். அந்தப் பூச்சுக்கும் சும்மா இருக்கத் தெரியாது. சூட்டில் மெல்ல மெல்ல உலோகத்துக்குள்ளேயே இறங்கிவிடும்.

அதைத் தடுக்கத்தான் இன்ஜினியர் ஜசீரா நான்கு வருடமாக மல்லுக்கட்டுகிறாள். பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவே, தலைமுடியைவிட மெல்லிய ஒரு தடுப்பு. எங்கள் தலைவர் டாக்டர் வல்தொமிரோவுக்கு அதில் துளியும் நம்பிக்கையில்லை.

"கண்ணுக்கே தெரியாத சுவர்! உனக்காவது தெரியுதாம்மா?" என்று கேலி செய்வார்.

கடைசியாக ஒரு சோதனை வைத்தார். பூச்சுப் பூசிய இரண்டு துண்டுகள், தடுப்புள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று, ஆயிரத்து முந்நூறு டிகிரியில் ஐம்பது மணி நேரம். அவள் துண்டு தோற்றால் ஆராய்ச்சிக்கு முழுக்கு.

உலையைப் பார்த்துக்கொள்ளும் ஒஸ்மார் நான்தான். இரண்டு துண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. மாறிப்போனால் என் தலைதான் உருளும். எனவே உள்ளே வைக்குமுன், அவள் துண்டின்மேல் எஃகு ஊசியால் அழுத்தி ஒரு பெருக்கல் குறி போட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு காபி குடிக்கப் போனேன்.

உலையைத் திறந்தபோது தடுப்பில்லாத துண்டு ஜம்மென்று இருந்தது. ஜசீராவுடையதிலிருந்து வெள்ளைப் பொடி கொட்டியது.

"சுவரு விழுந்துடுச்சு போல," என்றார் டாக்டர், சீஸ் ரொட்டியைக் கடித்தபடி.

ஜசீராவின் கண் கலங்கிவிட்டது. நான் பொடியை ஊதிப் பார்த்தேன். அடியில் ஒரு பள்ளம், பெருக்கல் குறி வடிவத்தில். நான் ஊசியால் கீறிய அதே இடம். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை.

"டாக்டர், சுவரு விழல. நான்தான் இடிச்சேன்."

விஷயத்தைச் சொன்னேன்.

"பூச்சு மேலயா கீறுன? அந்த வழியா காத்து உள்ள போகாதா? இருபது வருஷமா உலை பாக்குற ஆளுய்யா நீ!" என்று கத்தினார் டாக்டர்.

"இது இடது, அது வலதுன்னு ஒரு சீட்டுல எழுதக் கூடாதா அண்ணே?" என்றாள் ஜசீரா.

"தோணலம்மா."

இரண்டையும் அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். தடுப்பில்லாததில் பூச்சு பாதிக்குமேல் உள்ளே இறங்கியிருந்தது. அவளுடையதில், நான் கீறிய இடம் தவிர, பூசியபடியே நின்றது. டாக்டர் வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"புதுத் துண்டு பண்ணு. இன்னொரு தடவை சுடலாம்," என்றார் கடைசியில். கேலி எதுவும் வரவில்லை.

அவள் புதுத் துண்டோடு வந்த நாளில், வேறு ஆளைத்தான் கூப்பிடுவாள் என்று நான் ஒதுங்கி நின்றேன். நேராக என்னிடம் வந்து நீட்டினாள்.

"நீங்களே வைங்கண்ணே. இடிச்சா இடிச்சேன்னு சொல்ற ஆளு கையாலயே போகட்டும்."