அடுத்த வீட்டில் எரிந்த நீல விளக்கு

மலேசியாவின் அசாம் ஜாவா ஊரில் குகனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. குறைந்தபட்சம், அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. செம்பனை எண்ணெய் ஆலையில் எடை போடும் வேலை. ஆனால் கார் எஞ்சினா, கொலஸ்ட்ராலா, இன்டர்நெட்டா, எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். அதனால், வீட்டு இன்டர்நெட் கம்பெனியை மாற்றப்போவதாக அவர் அறிவித்தபோது மனைவி லோகேஸ்வரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பின்னால ரூமுக்கு லைன் வருமா?"

பின்னறையில்தான் அவளுடைய சேலை வியாபாரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனை ஸ்டாண்டில் மாட்டி லைவ் போட்டால் தூரத்துக் கெர்லிங் ஊரிலிருந்துகூட ஆர்டர் வரும். வீடோ நீளம். முன்னறை ரௌட்டரின் சிக்னல் சமையலறை தாண்டுவதற்குள் செத்துவிடும். பழைய கம்பெனியிடம் வாங்கிய மூன்று வெள்ளை மெஷ் பெட்டிகள்தான் அதைக் கைமாற்றி கைமாற்றிப் பின்னால் கொண்டுவந்து சேர்த்தன.

"பெட்டிதான் நம்மகிட்டயே இருக்கே. புது ரௌட்டரோட சேத்துட்டா முடிஞ்சது. வைஃபைன்னா எல்லாம் வைஃபைதான் லா," என்றார் குகன்.

புது ரௌட்டர் பொருத்த வந்த டெக்னீஷியன் ரூபினி பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தாள். "அண்ணே, இது அவங்க ரௌட்டரோட மட்டும்தான் சேரும். லாக் பண்ணிருக்காங்க. எந்தக் கம்பெனிக்கும் ஒத்துப்போற செட்டு கடையில இருக்கு, அத வாங்கிக்குங்க."

குகன் அவளைப் பரிதாபத்தோடு பார்த்துச் சிரித்தார். இப்படிச் சொல்லித்தானே இவர்கள் பொருளை விற்கிறார்கள்!

அன்று தொடங்கியது அவருடைய ஆராய்ச்சி. லோகேஸ்வரியின் சேலை ஊசி ரீசெட் ஓட்டைக்குள் போனது. பெட்டிகள் சிவப்பாகக் கண்சிமிட்டின. பழைய கம்பெனிக்குப் போன் போட்டார். நீங்கள் இப்போது எங்கள் வாடிக்கையாளர் இல்லை என்று தேனொழுகச் சொன்னார்கள். புதுக் கம்பெனிக்குப் போட்டார். அது எங்கள் பொருள் இல்லை என்று அதே தேனில் சொன்னார்கள். கடைசியில் ஒரு பெட்டியைக் கேபிளால் ரௌட்டரோடு இணைத்தார். போனில் சிக்னல் கோடுகள் நிறைந்து நின்றன.

"பாத்தியா! ஃபுல் லைன்!" வெற்றியைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். படம் போகவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கோடுகள் மட்டும்தான் நிறைய, இன்டர்நெட் இல்லை.

வெள்ளிக்கிழமை, விட்டுவிட்டு வந்த சிக்னலில் போட்ட லைவில் லோகேஸ்வரி கத்தரிப்பூ நிறச் சேலையை விரித்துப் பிடித்தபடி, வாய் பாதி திறந்த நிலையில் அப்படியே உறைந்துபோனாள். 'அக்கா, சிலையாயிட்டீங்களா?' என்று ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்ததை அவள் முன்னறைக்கு வந்த பிறகுதான் படித்தாள்.

"பெட்டி கெட்டுப்போச்சு. அதான் விஷயம்," என்று தீர்ப்புச் சொன்ன குகன், அதை நிரூபிக்க மூன்றையும் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே கிளாரிஸ்ஸா அக்கா இன்னும் பழைய கம்பெனியில்தான் இருந்தார். பொத்தானை அழுத்தியதும் மூன்றும் நீலமாக எரிந்தன.

பெட்டிகளை அங்கேயே எரியவிட்டு, தோற்றதே தெரியாத முகத்தோடு திரும்பி வந்தார். "பெட்டி நல்லாத்தான் இருக்கு. நான் சொன்னேன்ல?"

"நீங்க கெட்டுப்போச்சுன்னுல்ல சொன்னீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் கிளாரிஸ்ஸா வேலியோரம் வந்து நின்றார். "லோகேஸ், என் பின்கிச்சன்லயும் இப்பதான் லைன் வருது. பெட்டிங்க கொஞ்ச நாளு இங்கயே இருக்கட்டுமே."

பின்கிச்சனுக்கும் சேலை அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். லோகேஸ்வரி சேலை அறைக்குப் போய்ப் போனைப் பார்த்தாள். கிளாரிஸ்ஸாவின் வைஃபை அங்கே பிரமாதமாக வந்துகொண்டிருந்தது. பாஸ்வேர்டை வாங்கினாள், அன்றே மறுபடி லைவ் போட்டாள். கத்தரிப்பூச் சேலை முதலிலேயே விற்றது. முன்னறையில் குகன், புதுக் கம்பெனியின் அசுர வேகத்தோடு தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார்.

ஆனால் எத்தனை நாள் அடுத்த வீட்டு வைஃபையில் கடை நடத்துவது? திங்கட்கிழமை அவர் ஆலைக்குப் போனதும் ரூபினிக்குப் போன் போட்டு, எந்தக் கம்பெனிக்கும் ஒத்துப்போகும் செட்டை வாங்கிவரச் சொன்னாள். தேநீர் ஆறுவதற்குள் ரூபினி எல்லாவற்றையும் பொருத்திவிட்டாள்.

சாயங்காலம் வந்த குகன், பின்னறையில் நின்று போனைப் பார்த்தார். புதுப் பெட்டியைப் பார்த்தார். மெல்லத் தலையாட்டினார்.

"இதத்தான் நான் மொதல்லயே வாங்கணும்னு நெனச்சேன்."

"ஆமாங்க, நெனச்சிருப்பீங்க," என்ற லோகேஸ்வரி, மடித்த சேலைகளை அவர் கையில் அடுக்கினாள். "இத அலமாரியில வச்சுட்டு வாங்க."