ரெண்டு என்று சொன்ன ஐம்பத்தொரு பேர்

சித்தியின் கர்ப்பப்பை நூற்றுப் பன்னிரண்டு நாட்களாகக் காத்திருக்கிறது. உள்ளே மூன்று கட்டிகள். புற்றுநோய் இல்லை, அதனால்தான் காத்திருக்கிறது.

தொற்றுக் காலத்துக்கென்று எங்கள் மருத்துவமனையில் ஓர் அட்டவணை போட்டிருந்தார்கள். முதல் வகை, உடனே. இரண்டாம் வகை, ஒரு மாதத்துக்குள். மூன்றாம் வகை, பார்க்கலாம். சித்தி பார்க்கலாம் வகை.

அட்டவணையை நிரப்புகிறவள் நான். படித்தது விலங்கியல். கல்லூரியில் ஒரு கரப்பான்பூச்சியை அறுத்ததோடு என் அறுவை அனுபவம் முடிந்தது. பெண்கள் அறுவைப் பிரிவில் பதிவாளராகச் சேர்ந்த மூன்றாவது வாரம் ஊரைப் பூட்டினார்கள். எங்களுக்கு இருந்தது இரண்டு ஆபரேஷன் தியேட்டர். ஒன்றிலிருந்த மயக்க மருந்து இயந்திரத்தைத் தொற்று வார்டுக்கு, மூச்சு கொடுக்கும் வேலைக்கு, தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த அறையில் இப்போது கையுறைப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கின்றன. மிச்சமிருந்த தியேட்டரில் வாரம் இரண்டு நாள், நாளுக்கு மூன்று பேர். கர்ப்பப்பைகள் வரிசையில் நிற்கப் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.

வெளியிலிருந்து யாரையும் வரவழைத்து ரத்தம் எடுப்பதில்லை என்பதால், யார் நிலைமை எப்படி என்று அறிய ஒரே வழி தொலைபேசி. வாரம் ஒருமுறை அறுபத்து மூன்று பெண்களைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்பேன். நாப்கினோ துணியோ, ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாற்றுகிறீர்கள்? எட்டுக்கு மேல் போனால் இரண்டாம் வகைக்கு ஏற்றலாம். இந்தக் கேள்வியை நான் எவ்வளவு மெதுவாகக் கேட்பேன் என்றால், பாதிப் பேர் “லைன் கட்டாயிடுச்சு” என்று வைத்துவிடுவார்கள்; மறுபடி கூப்பிட வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பெரிய டாக்டரம்மா உள்ளே வந்தார். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. திட்டுவதற்கு அவருக்கு அது போதும்.

“நாளைக்கு ரெண்டாவது கேஸ் கிடையாது. டெஸ்ட்ல பாசிட்டிவ். ஒரு இடம் காலி. பன்னெண்டு மணிக்குள்ள பேரு குடும்மா. இல்லேன்னா எலும்பு டாக்டருங்க சுத்தியலோட வெளியில நிக்கறாங்க, பூந்துடுவாங்க.”

பட்டியலை நீட்டினேன். அவர் விரல் ஒரே வரிசையில் மேலும் கீழுமாகப் போய்வந்தது.

“ரெண்டு. ரெண்டு. ரெண்டு. என்ன இது, ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேத்திட்டாங்களா?”

எனக்கு முன்பே தெரியும். போன வாரம் ஒரு தாளில் வரைந்து பார்த்திருந்தேன். அறுபத்து மூன்று பேரில் ஐம்பத்தொரு பேர் ரெண்டு என்றிருந்தார்கள். வரைபடத்தில் ஒரே ஒரு தூண், பக்கத்தில் நாலைந்து புல். சொல்லக் கூச்சமாக இருந்ததால் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். இப்போது எடுத்துக் கொடுத்தேன்.

“இயற்கையில இப்படி வராது, மேடம்.”

“சத்தமா சொல்லு.”

“வராது, மேடம். இதே பேருங்க முன்னாடி இங்க வந்தப்ப ஆறு, ஒன்பது, பதினொண்ணுன்னு சொல்லியிருக்காங்க.”

“அப்ப வீட்ல போட்டுப் பூட்டுனதும் கட்டியெல்லாம் வெக்கப்பட்டுச் சுருங்கிடுச்சா?”

தலைமை நர்ஸ், எங்களுக்கு அவர் சிஸ்டர், மருந்துப் பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: “இங்க தனி ரூம்ல வச்சுக் கேட்டோம். இப்ப வீட்ல கேக்கறோம். வீட்ல யாரெல்லாம் இருக்காங்கன்னு யோசிச்சுப் பாரு.”

யோசித்தேன். என் காதில் இத்தனை வாரமாக விழுந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. டி.வி. செய்தி. இருமல். “யாரு போன்ல?” என்று ஓர் ஆண் குரல். நாலு மாதமாக எந்த வீட்டிலிருந்தும் எந்த ஆணும் வெளியே போகவில்லை. தனியாக வசிக்கும் தையல்காரம்மா ஒருவர்தான் தயங்காமல் ஏழு என்று சொல்லியிருந்தார்.

டாக்டரம்மா பழைய கோப்புகளைப் புரட்டினார். ரத்த அளவில் எல்லோரையும்விடக் கீழே இருந்தது சித்தி.

“இது உங்க சித்திதானே?”

“ஆமா, மேடம்.”

“பழைய ரிப்போர்ட்ட வச்சு இடம் குடுக்க முடியாது. இந்த வாரத்து எண் வேணும். அதுவும் அவங்க வாயால. உன் சித்திங்கறதால இன்னும் ஒழுங்கா வேணும். இல்லேன்னா ஏழு சொன்ன அம்மாவுக்குத்தான்.”

சித்தியின் போனில் காதில் வைத்துக் கேட்கும் பகுதி செத்துப்போய் மூன்று மாதம். பழுது பார்க்கும் கடை திறக்கவில்லை. ஸ்பீக்கரில் மட்டும்தான் பேச முடியும். செய்தி அனுப்பலாமென்றால், சித்தி மகனுக்கு, அதாவது என் தம்பிக்கு, ஆன்லைன் வகுப்பு கணினியில், பாடக் குறிப்புகள் வருவதோ அந்தப் போனில். எட்டாம் வகுப்புப் பையன் அல்ஜீப்ராவுக்கு நடுவில் அதைப் படிப்பான்.

“சுத்தி வளைச்சுக் கேளு, பாப்பா,” என்றார் சிஸ்டர். “தக்காளி, கிக்காளின்னு.”

கூப்பிட்டேன்.

“சொல்லு கண்ணு. சாப்டியா?”

“சாப்டேன் சித்தி. உங்களுக்கு... ஒரு நாளைக்கு எத்தனை தக்காளி ஆகுது?”

சித்தப்பாவின் குரல் பாய்ந்து வந்தது. அவர் காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர், ஹாலையே அலுவலகமாக்கியிருந்தார்.

“தக்காளியா? பத்து நாளா கண்ணுலயே படலம்மா! ஆஸ்பத்திரில குடுக்கறாங்களா? நமக்கு நாலு கிலோ சொல்லி வை.”

“நாலு கிலோவா? எனக்கும் ரெண்டு சேத்துச் சொல்லுங்கண்ணே.” இது சித்தப்பாவின் தம்பி. ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகலாமென்று வந்து, ஊர் பூட்டியதில் மாட்டிக்கொண்டவர்.

“நான் நல்லாத்தான் இருக்கேன்,” என்றாள் சித்தி. “வச்சிடட்டா?”

“அக்கா, அம்மா மாடிப்படியில ரெண்டு தடவ உக்காந்துட்டாங்க,” என்றான் தம்பி. “கண்ணு இருட்டுதாம்.”

“டேய், கிளாஸைக் கவனி.”

போன் அணைந்தது.

“பன்னெண்டுன்னு நீயே எழுதிடு,” என்றார் சிஸ்டர். “யாரு வந்து எண்ணப் போறா?”

பேனாவை எடுத்தேன். கட்டத்தில் ஏற்கெனவே என் கையெழுத்தில் ஒரு ரெண்டு இருந்தது. சித்தி சொன்ன பொய். அதை அடித்துவிட்டு எழுதினால் என் பொய். தையல்காரம்மா வீட்டில் வேறு யாருமில்லை. மயங்கி விழுந்தால் எங்களுக்குச் சொல்லக்கூட ஆளில்லை. பேனாவை மூடினேன்.

மணி பதினொன்று நாற்பது. டாக்டரம்மாவும் கேட்க, என் பக்கமும் ஸ்பீக்கரில் போட்டு மறுபடி கூப்பிட்டேன். கூப்பிடுவதற்கு முன் எழுந்து நின்றேன். உட்கார்ந்தால் என் குரல் வயிற்றோடு நின்றுவிடும்.

“சித்தப்பா, டி.வி.ய நிறுத்துங்க. சித்தி, ஸ்பீக்கர்ல எல்லாருக்கும் கேக்குதுன்னு தெரியும். கேக்கட்டும். மாதவிடாய் ரத்தம் போறதுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை துணி மாத்தறீங்க?”

என் பின்னால் ஏதோ கீழே விழுந்தது. கையெழுத்து வாங்க வந்த மருந்தகக்காரர் கையிலிருந்த அட்டை. நான் திரும்பவில்லை.

“ஏம்மா, படிச்ச பொண்ணு நீ,” என்றார் சித்தப்பா. “இதெல்லாமா போன்ல கேப்பாங்க? எங்கப்பா உக்காந்திருக்கார். பெரியவர்.”

டாக்டரம்மா என் தோளுக்கு மேலாகக் குனிந்தார். “சார், நான் டாக்டர் பேசறேன். பெரியவரும் ஒரு கர்ப்பப்பையிலேருந்துதான் வந்தார். மாடியிலேருந்து குதிச்சு வரல.”

“இல்ல மேடம்... ரெண்டு தடவதான் மேடம். அவளே போன வாரம் சொன்னாளே.”

“ரத்தம் உங்களுக்கா போகுது?”

“இல்ல மேடம்.”

“அப்ப தள்ளி நில்லுங்க.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டி.வி. நின்றது. தம்பியின் வகுப்பில் ஆசிரியை எக்ஸையும் ஒய்யையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்; அதுவும் நின்றது.

“சித்தி,” என்றேன். “ரெண்டுன்னா இன்னைக்கு இடம் வேற ஒருத்தருக்குப் போயிடும். அடுத்தது எப்பன்னு எனக்கே தெரியாது. நிஜத்தச் சொல்லுங்க.”

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மருந்தகக்காரர் அட்டையைப் பொறுக்கிக்கொண்டு, போகாமல் நின்றார்.

“பதினாலு,” என்றாள் சித்தி.

பிறகு யாரும் கேட்காமலே, இன்னும் கொஞ்சம் சத்தமாக: “ராத்திரி சேக்காம.”