மஞ்சள் துணியும் மேகாத்தும்

இரண்டாயிரத்து ஐந்து ஆடியில் அல்லிநகரத்துத் தையல்காரன் சுந்தரலிங்கத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கடைத்தெருவே பேசிக்கொண்டது. பிடிக்காமல் என்ன செய்யும்? ஊருக்கு மேற்கே குப்பைமேட்டில் யார் தீ வைக்கிறார்களோ, புகை கிளம்பினால் போதும், ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் சினேகாவுக்கு நெஞ்சு இழுத்துக்கொள்ளும். புகை இல்லாத இடத்தில் பிள்ளையை வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுருளிப்பட்டியிலிருந்து அவன் அக்கா ராக்கம்மாள், "எங்கிட்ட விட்ருங்க, நான் படிக்க வைக்கிறேன்" என்று ஆள்மேல் ஆள் அனுப்பினாள். அதைக் கேட்ட நாளிலிருந்து மனைவி பூமாரி சரியாகச் சாப்பிடவில்லை.

"மொதல்ல புகை எங்கன போகுதுன்னு பாப்போம். பெறகு முடிவு பண்ணலாம்," என்றான் சுந்தரலிங்கம்.

ஆடிக்குத் தைத்த மஞ்சள் ரவிக்கைகளில் மிஞ்சிய துணி கடையில் கிடந்தது. அதை நீளநீளமாகக் கிழித்து, தெரிந்தவர்களின் மொட்டைமாடிகளில் கம்பு நட்டுக் கட்டினான். தன் வீட்டு மாடியிலும் ஒன்று கட்டினான். புகை கிளம்பும்போதெல்லாம் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சைக்கிளில் தெருத்தெருவாகப் போய், துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பான். கடைக்கு வந்து, காக்கித்தாளில் வரைந்து வைத்திருந்த ஊர்மேல் சாக்பீஸால் கோடு இழுப்பான். மேற்கேயிருந்து அடிக்கும் ஆடி மேகாத்து சும்மா விடுமா? குப்பைமேட்டுக்குக் கிழக்கே இருந்த தெருக்கள் எல்லாம் கோட்டுக்குள் போய்விட்டன.

அவன் வீட்டுத் துணி மட்டும் பறக்கவில்லை. பக்கத்தில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தின் சுவர் காற்றை மறிக்கிறது என்று அவனே ஒரு காரணமும் கண்டுபிடித்தான். தாளை விரித்து, கோடு படாத தன் வீட்டைக் காட்டியபோது பூமாரி அழுதே விட்டாள். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

இரண்டு நாள்கூட ஆகவில்லை, சினேகாவுக்கு மறுபடியும் இழுத்தது. மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு சுந்தரலிங்கம் மாடி ஏறினான். துணியைப் பிடித்துப் பார்த்தால் நுனி கனத்தது. அங்கே ஒரு முடிச்சு, உள்ளே ஒரு ரூபாய்க் காசு.

பின்னாலேயே வந்த பூமாரி தலைகுனிந்து நின்றாள்.

"காத்துக்குக் கட்டுனதுதான்னு தெரியும். ஆடி மாசம், மஞ்சத்துணி, மனசு கேக்கல. புள்ள நம்மள விட்டுப் போகக் கூடாதுன்னு வீரபாண்டி ஆத்தாவுக்கு நேந்து காசு முடிஞ்சேன். நீங்க தாளக் காட்டவும், ஆத்தா கேட்டுட்டான்னு நெனச்சேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள்மேல் பாசம்தான் பொங்கியது. முடிச்சை அவிழ்க்க அவனுக்கும் கை வரவில்லை. இன்னொரு துணி கொண்டுவந்து பக்கத்தில் கட்டினான். கட்டி முடிக்கும் முன்னே அது கிழக்கே விறைத்து நின்றது. மண்டபமாவது மறிப்பதாவது! இருவருக்கும் கண் எரிந்தது.

"அப்ப மதினி வீட்டுக்கு அனுப்பிர வேண்டியதுதானா?" அவள் குரல் உடைந்தது.

"புள்ளய மட்டும் எதுக்கு அனுப்பணும்? மூணு பேரும் போவோம். தையல் மெஷினு சுருளிப்பட்டியில ஓடாதா?"

பூமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முடிச்சு அவிழாமல் துணியைக் கம்பிலிருந்து கழற்றினாள்.

"வீரபாண்டி வழியாத்தான பஸ்ஸு போகுது," என்றாள். "எறங்கி, ஆத்தாவுக்குச் செலுத்திட்டுப் போவோம்."