நாலு நாள் ஓய்ந்த மரம்

"நாலு நாளா அந்த மரத்தத் தொடலையா?"

"தொடல. பால் கூட வர மருந்தும் பூசியிருக்கேன். வெட்டினா பைப்பத் தொறந்த மாதிரி கொட்டும்."

"அடேயப்பா! மெனேஜர் துரைக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டுமே. நம்ம எட்வின் வெட்டுறப்ப பால் சொட்டுச் சொட்டாவா வரணும்? பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

விஜயகலா பால்வெட்டும் கத்தியைக் கல்லில் தீட்டியபடி சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த கங்காணி சதீஸ், மரத்தைச் சுற்றியிருந்த புல்லைச் செதுக்கி முடித்திருந்தான். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்தை எட்வின் வாங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. இன்றுதான் முதல்முறை வருகிறார். இதே தோட்டத்தில், மேல் லயத்து வரிசையில் மூன்றாம் காம்பரா வீட்டில் பிறந்தவர். பால்வெட்டுகிற தோமஸின் மகன்.

பதினான்கு வயதில் அவர் மரத்தடியில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலைச் சாக்கில் பொறுக்கி, வரக்காப்பொலவுக்குக் கொண்டுபோய் விற்றார். பிடிபட்ட அன்று காவல்காரன் அவரை ஸ்டோர் வாசல் தூணில் அரை நாள் கட்டிவைத்தான். அவிழ்த்துவிட்டதும் நேரே பஸ் ஏறிவிட்டார். முதலில் டயர்க்கடையில் எடுபிடி, பிறகு சொந்தக் கடை, பிறகு ரப்பர் கையுறை ஃபேக்டரி. கொரோனா வருடத்தில் அந்தக் கையுறைகள் இருபது நாடுகளுக்குப் போயின. இப்போது கித்துல்கல ஆற்றங்கரையில் மூன்று ஹோட்டல்கள், கொழும்பில் ஒரு வங்கியில் பங்கு. சதீஸ் இதையெல்லாம் சாமி கதை போல ஒப்பிப்பான்.

"கேட்டுருவீங்கதானே அக்கா?"

"கேக்காம? எட்டு கிலோவ ஆறாக்கச் சொல்லுவேன். நானும் அவரும் ஒண்ணா ஒட்டுப்பால் பொறுக்கினவங்கடா. அன்னைக்கு நான் ஓடிட்டேன், அவர் மாட்டிக்கிட்டார்."

ஒரு நாளைக்கு எட்டு கிலோ பால் கொடுத்தால்தான் முழுப் பேர், முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். மரங்களோ கிழடு. போன வாரம் விஜயகலாவுக்கு மூன்று நாள் அரைப் பேர்.

எட்டு மணிக்குக் கறுப்பு ஜீப் வந்தது. தப்பு மேளம் முழங்கியது, பட்டாசு வெடித்தது. லயத்துக் கிழவி அந்தோனியம்மா மாலை போட்டாள். எட்வின் நேரே ஸ்டோர் வாசலுக்குப் போய்த் தூணில் கைவைத்தார்.

"இங்கதான் என்னைக் கட்டிவச்சாங்க. இப்ப தூணும் நம்மளுது, கயிறும் நம்மளுது!"

சிரிப்பும் விசிலும் மலைச்சரிவில் எதிரொலித்தன. வயதான சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நாலு நாள் ஓய்ந்த மரத்தடியில் அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, விஜயகலாவிடம் கத்தியை வாங்கினார். பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த ரப்பர் நாரை ஒரே இழுப்பில் உரித்து, உருண்டையாக உருட்டித் தன்னையறியாமல் சட்டைப்பையில் போட்டார். பிறகு இடமிருந்து வலமாக, சரிவாக ஓர் இழுப்பு. பட்டை சுருள் சுருளாக விழுந்தது. கை மறக்கவில்லை. வெள்ளைக் கோடு பொங்கித் தகர மூக்கு வழியாக இறங்கியது. சிரட்டை கண்முன்னே நிறைந்து வழிந்தது.

"அம்மாடியோ!" என்றது கூட்டம். விஜயகலாவுக்குப் பெருமையில் உடம்பு சிலிர்த்தது.

"மெனேஜர் மாத்தயா, பாருங்க இந்தப் பால!" எட்வினின் முகம் சிறுபையனுடையதைப் போல் மலர்ந்திருந்தது. "இந்தத் தோட்டம் நட்டத்துல ஓடுதுன்னு யார் சொன்னது? இந்த மரங்களுக்கு எட்டு கிலோ என்ன கணக்கு? பத்து போடுங்க. நம்ம ஆளுங்க செய்வாங்க. என்னங்க, செய்வீங்கதானே?"

பின்னால் நின்றவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் கையை உயர்த்தியதைப் பார்த்துக் கைதட்டினார்கள். தப்பு மறுபடி முழங்கியது. மெனேஜர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

சதீஸ் விஜயகலாவைப் பார்த்தான். அவள் நிறைந்த சிரட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்வின் கத்தியைத் துடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டு ஜீப்புக்கு நடந்தார்.

வண்டி கிளம்பியதும் அவள் ஓடினாள். கண்ணாடி பாதி இறங்கியது.

"அட, கலாதானே? நல்லாருக்கீங்களா?"

அவள் கத்தியைப் பிடிப்பக்கமாகத் திருப்பி ஜன்னலுக்குள் நீட்டினாள்.

"ஐயா, கொஞ்சம் இறங்குங்க. நேத்தும் வெட்டின பக்கத்து மரத்தையும் ஒரு வெட்டு வெட்டிப் பாத்துட்டுப் போங்க."