கிளி மார்க்கின் வக்கீல்

காலை பதினொரு மணி. மதிய ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் எக்ஸ்ரேக்காரர் இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, வலது கைக் கட்டைவிரலால் போனில் யாரோ ஒருவனைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். அவன் யார், எந்த ஊர், என்ன வயசு, ஒன்றும் அவருக்குத் தெரியாது. கிளி மார்க் போனில் படம் மங்கலாக விழுகிறது என்று எழுதிவிட்டான். அது போதாதா?

"பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க," என்றாள் மனைவி.

"இரு, ஒரு முட்டாளுக்குப் பதில் சொல்லிட்டு வரேன்."

"அந்தக் கம்பெனிக்காரன் உங்களுக்கு மாமனா, மச்சானா? குளியலறைக் குழாய் ஒழுகுதுன்னு நாலு நாளா கத்துறேன், காதுல விழல. எவனோ போனைக் குறை சொன்னா மட்டும் விரல் பறக்குது!"

அவர் சிரித்துக்கொண்டே அனுப்பு பொத்தானை அழுத்தினார். மங்கலாகத் தெரிவது உன் கண்ணாக இருக்கும், போய் டாக்டரைப் பார் என்று எழுதியிருந்தார். அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய்ச் சேர்வதற்குள் அதற்கு நூறு பேர் கைதட்டியிருந்தார்கள்.

ஆள் கெட்டவர் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக எக்ஸ்ரே அறையில் வேலை. உடைந்த தோளோடு வருகிறவர்களை வலிக்காமல் திருப்பிப் படுக்க வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நர்சுகளே சொல்வார்கள். போன் கைக்கு வந்துவிட்டால்தான் வேறு ஆள். கிளி மார்க் ரசிகர்களுக்கு என்று ஒரு குழு இருக்கிறது; நாற்பதாயிரம் பேர். அதில் அவர் பெயர் 'கிளிமாமா'. நங்கூர மார்க் போன் வைத்திருப்பவர்கள் எல்லாம் அவருக்கு ஜென்ம விரோதிகள். இத்தனைக்கும் அந்தக் கிளி மார்க் கம்பெனி இவருக்கு ஒரு போன் உறையைக்கூட சும்மா கொடுத்தது கிடையாது. சம்பளம் இல்லாத வக்கீல்!

அந்தக் குழுவுக்குள்ளேயே இன்னொரு சின்னக் குழுவும் உண்டு. பெயர் 'உள்வீடு'. பன்னிரண்டு பேர்தான். கிளி மார்க் சாமானில் ஏதாவது கோளாறு கண்ணில் பட்டால் அதை உள்வீட்டில் மட்டும்தான் பேச வேண்டும். வெளியே வந்தால் பன்னிரண்டு பேரும் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதிக்க வேண்டும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே கிளிமாமாதான்.

போன வாரம் உள்வீட்டில் ஒரு விஷயம் வந்தது. கிளி மார்க்கில் வயதானவர்களுக்கென்று ஒரு வாட்ச் இருக்கிறது. கட்டியிருப்பவர் கீழே விழுந்தால் தானாகவே வீட்டாருக்கு போன் போடும். புதிதாக வந்த அப்டேட்டுக்குப் பிறகு அந்த வசதி சத்தமில்லாமல் அணைந்துபோகிறது என்று ஒருவர் கண்டுபிடித்திருந்தார். செட்டிங்கில் போய் ஒரு பொத்தானைத் தள்ளினால் மறுபடி சரியாகிவிடும். அவ்வளவுதான்.

"வெளிய மூச்சு விடக் கூடாது," என்று எழுதினார் கிளிமாமா. "நங்கூரக்காரன் காதுல விழுந்தா மானத்த வாங்கிடுவான். கம்பெனி அடுத்த மாசம் தானா சரி பண்ணிடும்."

எழுதி முடித்த கையோடு எழுந்துபோய், அடுத்த அறையில் இருந்த மாமியாரின் கையைப் பிடித்து, வாட்சில் அந்தப் பொத்தானைத் தள்ளிவிட்டு வந்தார். கேட்கிறீர்களா கூத்தை? ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று.

மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, பெரிய குழுவில் ஒருத்தி கேள்வி கேட்டாள். பெயருக்குப் பக்கத்தில் அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பஸ் படம் இருந்தது.

'அப்பாவுக்கு கிளி மார்க் வாட்ச் வாங்கிக் குடுத்திருக்கேன். சும்மா பாக்கலாம்னு மெத்தைல விழச் சொன்னேன். எனக்கு போன் வரல. என்ன பண்ணணும்னு யாராவது சொல்லுங்க. நாளைலேர்ந்து எனக்குப் பகல் ட்யூட்டி. அப்பா தனியா இருப்பாரு.'

ஒரே ஒரு வரி பதில் போதும் அவளுக்கு. அந்த வரி கிளிமாமாவுக்குத் தெரியும். ஆனால் நங்கூரக்காரன் எவனாவது பார்த்துவிடுவானே! அவர் எழுதினார்:

'மெத்தைல விழுந்தா வாட்சுக்கு எப்படிம்மா தெரியும்? வாட்சக் குறை சொல்றதுக்கு முன்னாடி பட்டைய ஒழுங்காக் கட்டக் கத்துக்குங்க. முதல்ல பில்லப் போடுங்க, நீங்க நிஜமாவே வாங்கினவங்களா, நங்கூரத்தோட கைக்கூலியான்னு பாப்போம். வாட்ச் நல்லாத்தான் இருக்கு. தைரியமா வேலைக்குப் போங்க.'

அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிட்டது. கால் மணி நேரத்தில் அவளை அழவைக்கிற அளவுக்கு எழுதித் தீர்த்தார்கள். கடைசியில் அவள், 'தெரியாம கேட்டுட்டேன். எல்லாரும் மன்னிச்சுக்குங்க' என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள். கிளிமாமா அதற்கு ஒரு லைக் போட்டார்.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாரே, அது புதன்கிழமை.

அன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு எக்ஸ்ரே அறைக்கு ஸ்ட்ரெச்சரில் ஒரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எழுபத்தைந்து வயது இருக்கும். இடுப்புக்குக் கீழே வலது கால் கொஞ்சம் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. எக்ஸ்ரேக்காரருக்குப் படம் எடுக்காமலே புரிந்துவிட்டது. கூடவே கண்டக்டர் சீருடையில் ஒரு பெண். டிக்கெட் பை இன்னும் தோளிலேயே தொங்கியது.

"மெதுவா, தம்பி," என்றார் பெரியவர். "நான் ரொம்பப் பழைய மாடல். ஸ்பேர் கிடைக்காது."

எக்ஸ்ரேக்காரர் சிரித்துவிட்டார். "கவலப்படாதீங்க ஐயா, பூ மாதிரி தூக்கி வைக்கிறேன். மணிக்கட்டும் வீங்கியிருக்கே, அதையும் ஒரு படம் எடுத்துடலாம்." வாட்சைக் கழற்றினார். முகப்பில் பச்சைக் கிளி. பார்த்ததும் அவருக்கு முதலில் வந்தது பெருமைதான். வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

"நல்ல வாட்சாச்சே! விழுந்தா தானா போன் பண்ணுமே?"

"பண்ணல சார்," என்றாள் மகள். "காலைல ஒன்பது மணிக்கு பாத்ரூம்ல விழுந்திருக்காரு. நான் ட்யூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போனது அஞ்சு மணிக்கு. அதுவரைக்கும் ஈரத் தரையில அப்படியே கிடந்திருக்காரு. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு."

"வாட்ச் ஏன்..."

"என் தப்புதான் சார். ஞாயித்துக்கிழமையே எனக்குச் சந்தேகம். ஒரு குரூப்ல கேட்டேன். கிளிமாமான்னு ஒருத்தரு, பெரிய ஆளு போல, எல்லாரும் அவர் பேச்சத்தான் கேக்கறாங்க. கொஞ்சம் திட்டினாரு. ஆனா வாட்ச் நல்லாத்தான் இருக்கு, தைரியமா வேலைக்குப் போங்கன்னு அடிச்சுச் சொன்னாரு. நானும் நம்பிப் போயிட்டேன். அவர் சொன்ன மாதிரி நான்தான் பட்டைய ஒழுங்காக் கட்டல."

எக்ஸ்ரேக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒன்பது மணிக்கு விழுந்தவர். பதினொரு மணிக்கு, மங்கலான படத்துக்காக எவனோடோ மல்லுக்கு நின்றாரே, அப்போது இந்த மனுஷன் தரையில் கிடந்து கத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

"பட்டை லூசா இருந்திருக்கும், இல்ல சார்?" என்று அவள் மறுபடி கேட்டாள்.

"இருக்கலாம்மா," என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவரை எத்தனை அறை அறைந்தாலும் தகும். சொன்ன மறுகணமே அவருக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டார். படம் எடுக்கும்போது உள்ளே நிற்கக் கூடாது என்று அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

படம் வந்தது. தொடை எலும்பின் கழுத்தில் கோடு கிழித்தமாதிரி முறிவு. தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, வாட்சின் செட்டிங்கைத் திறந்தார். பொத்தான் அணைந்துதான் இருந்தது. இப்போது ஒரு தள்ளு தள்ளினால் போதும். வாட்ச் சரியாக இருந்தது, கட்டினவள்தான் சரியில்லை என்று ஆகிவிடும். கம்பெனிக்கும் கெட்ட பெயர் இல்லை, கிளிமாமாவுக்கும் இல்லை. கட்டைவிரல் பொத்தான்மேல் போய் நின்றது.

"தம்பி," என்று மேஜையிலிருந்து குரல் வந்தது. "ஒரு ஒத்தாசை பண்ணுவீங்களா?"

"சொல்லுங்க ஐயா."

"எம்பொண்ணு வேலைய விடறேன்னு நிக்கிறா. பதினோரு வருஷமா உயிரக் குடுத்துப் பாக்கற வேலை. வர வழியெல்லாம் நான்தான் உங்களக் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு அழுதுட்டே வந்தா. பட்டைய நல்லா இறுக்கித்தான் கட்டினா, கை வலிக்குதுன்னு நானே சொன்னேன். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. நீங்க ஆஸ்பத்திரிக்காரரு. அவ தப்பு இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பொய்யா இருந்தாலும் பரவால்ல."

எக்ஸ்ரேக்காரர் பொத்தான்மேலிருந்து விரலை எடுத்தார்.

"பொய் வேணாம் ஐயா. உண்மையே அதான்."

பொத்தானைத் தொடாமலே வாட்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத்தாளில் மேலதிகாரிக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"எழுதாதீங்கம்மா. உங்க தப்பு இல்ல. அந்தக் கிளிமாமா நான்தான்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. அவர் வாட்சைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். அப்டேட், அணைந்துபோகிற பொத்தான், உள்வீடு, பன்னிரண்டு பேர், வாயே திறக்கக் கூடாது என்று தான் போட்ட சட்டம். மாமியார் விஷயத்தையும் மறைக்கவில்லை.

"உங்க மாமியார் வாட்ச மட்டும் சரி பண்ணிட்டீங்க," என்றாள் அவள் மெதுவாக.

"பண்ணிட்டேன்."

"எப்போ?"

"நீங்க கேக்கறதுக்கு மூணு நாள் முன்னாடி."

"நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேனே, அதப் பாத்தீங்களா?"

"பாத்தேன்மா. லைக் போட்டேன்."

அவள் கத்தவில்லை. கன்னத்தில் ஒன்று கொடுத்திருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்க்கவே பிடிக்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்கள். சீருடை போட்ட ஐம்பது வயது ஆள், ஒரு பெண்ணின் முன்னால் தலைகுனிந்து நிற்கிறார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.

"நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்மா," என்றார்.

"எங்கிட்ட சொல்லி என்ன சார் பிரயோஜனம்? எங்கப்பா கால் உடைஞ்சாச்சு. இன்னும் எத்தனை வீட்ல எத்தனை பேர் இந்த வாட்ச நம்பித் தனியா இருக்காங்களோ. அவங்ககிட்ட சொல்லுங்க."

அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டு அவர் எழுதினார். விழுந்தால் அழைக்கும் வசதி புது அப்டேட்டில் அணைந்துபோகிறது. செட்டிங்கில் இன்ன இடத்தில் போய் இன்ன பொத்தானைத் தள்ளுங்கள். இது எனக்கு ஒரு வாரமாகத் தெரியும், தெரிந்தே மறைத்தேன். என்னை நம்பி ஒரு மகள் வேலைக்குப் போனாள், அவள் அப்பாவின் எலும்பு முறிந்துவிட்டது. எழுதிப் பெரிய குழுவில் போட்டார்.

போட்டதுதான் தாமதம், போன் அதிர ஆரம்பித்தது. துரோகி என்றார்கள். நங்கூரத்துக்கு விலைபோய்விட்டான் என்றார்கள். காலையில் கைதட்டிய அதே ஆட்கள்தான். உள்வீட்டிலிருந்து அவரைத் தூக்கி எறிந்தார்கள். அதற்கு நடுவே ஒருவர், 'எங்கம்மா வாட்ச இப்பத்தான் பாத்தேன். ஆஃப்லதான் இருந்துச்சு. நல்லவேளை' என்று எழுதினார். அடுத்து இன்னொருவர், தன் மாமனாருடையதும் அப்படித்தான் இருந்தது என்றார். அப்புறம் இன்னும் நாலைந்து பேர்.

அவர் போனை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி முழுதும் படித்தாள். படித்துவிட்டு, தான் எழுதிக்கொண்டிருந்த தாளைக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

வார்டு ஆட்கள் வந்து உள்ளே போனார்கள். ஸ்ட்ரெச்சரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாளைக் காலையில் ஆபரேஷன்; அதற்கப்புறம் பெரியவர் நடப்பாரா, எவ்வளவு நடப்பார் என்பதெல்லாம் போகப் போகத்தான் தெரியும். "தம்பி சொன்னாராம்மா?" என்று கேட்டார் அவர். "சொன்னாருப்பா," என்று அவள் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

பிறகு எக்ஸ்ரேக்காரர் பக்கம் திரும்பினாள்.

"இத எழுத எவ்வளவு நேரம் ஆச்சு சார்?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்மா."

"எங்கப்பா எட்டு மணி நேரம் கிடந்தாரு." அவள் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்தாள். "கம்பெனிக்குப் பரிஞ்சு பேச அவங்களே சம்பளம் குடுத்து ஆள் வெச்சிருக்காங்க சார். எங்களுக்கு உண்மையச் சொல்லத்தான் ஆள் இல்ல. இனிமே யாராவது வந்து கேட்டா, அவங்க எந்த மார்க்குன்னு பாக்காதீங்க. எதுக்காகக் கேக்கறாங்கன்னு பாருங்க."